நோயாளிகள் பட்டியலில் ஒரு வாள்வீராங்கனை

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையின்போது, சபை வேண்டிக்கொள்வதற்காக, நோயாளிகளின் பெயர்களைப் படிப்பவள் நான். பதினோரு வருடமாகப் படிக்கிறேன். பெயர்களை ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வைத்திருப்பேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாகப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்ற கை. கோடு போட்டு, தேதி போட்டு, என்ன நோய், யார் சொன்னார்கள் என்று கட்டம் கட்டி எழுதுவேன். அதில் தவறு வராது. வராது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன்னால் இருந்த நிலைமையைச் சொன்னால் சிரிப்பீர்கள். குடலிறக்க அறுவை செய்துகொண்ட ஒருவர் வீடு திரும்பி, பாடகர் குழுவிலும் சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டார். பட்டியலில் மட்டும் ஆறு மாதம் கவலைக்கிடமாகவே கிடந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அவர் பெயரைப் படிப்பார்கள். அவரும் மற்றவர்களோடு சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று தன் நோய்க்குத் தானே கணீரென்று பதில் சொல்வார். யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால் பட்டியல் என் கைக்கு வந்த முதல் வாரமே ஒரு விதி போட்டேன். உள்ளே போன பெயர் வெளியே வர இரண்டே வாசல். ஒன்று, குணமாக வேண்டும். குணமானால் குடும்பத்தார் வந்து சொல்லி, நன்றிப் பூசை வைத்து, மெழுகுவத்தி ஏந்தி வர வேண்டும். அன்றைக்கு முதல் வாசகத்தையும் அவர்களில் ஒருவர் படிக்க வேண்டும். இரண்டாவது வாசல், இறந்துபோவது. அப்போது பெயர் கறுப்பு அட்டை நோட்டுக்கு மாறும். சும்மா காணாமல் போவதற்கு யாருக்கும் அனுமதி இல்லை. இதை நானே ஒலிபெருக்கியில் அறிவித்தேன். அப்போதிருந்த ஃபாதர் சரி என்றார். இப்போதிருக்கும் இளம் ஃபாதர் விதியோடு சேர்த்து என்னையும் பெற்றுக்கொண்டார்.

இனி என் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரே தங்கச்சி. ஐந்து வயது இளையவள். எங்கள் தீவிலேயே ஆயர் ஈத்தாமில் ஒரு அடுக்குமாடி பிளாட்டில், கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கணவனோடு இருக்கிறாள். நான் டத்தோ கிராமாட்டில் அம்மா இருந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது, அடக்கப் பூசையில் முதல் வாசகம் படித்தவள் அவள்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றதில் நடுவே ஒரு பத்தியை விட்டுவிட்டாள். யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. முன்வரிசையில் அம்மாவின் பெட்டிக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த நான், "ஒரு பாரா விட்டுட்ட. மறுபடி படி" என்றேன்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். பள்ளிக்கூட நடைபாதையில் முப்பது வருடம் பிள்ளைகளை அதட்டிய குரல் அது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அவள் மறுபடி படித்தாள். முதல் வரியிலிருந்து படித்தாள். படித்து முடித்துப் புத்தகத்தை மூடிவைத்தாள். அம்மாவைக் கல்லறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவள்தான், அதற்குப் பிறகு எங்கள் கோயில் பக்கமே வரவில்லை. என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. முதல் வருடம், நான் சொன்னதில் என்ன தப்பு என்று நினைத்தேன். இரண்டாம் வருடம், ஒரு பத்தி போனால்தான் என்ன, அம்மா என்ன எழுந்து வந்து கேட்கவா போகிறார் என்று நினைத்தேன். மூன்றாம் வருடக் கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கி, நானே வெட்டி, நானே ஒன்றரை வாரம் தின்றேன். தங்கச்சி என்னோடு பேச வேண்டும், மறுபடி எங்கள் கோயிலில் வந்து உட்கார வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்குமாகக் கைப்பேசியில் ஒரு குழு உண்டு. நாளொன்றுக்கு இருநூறு செய்தி வரும். எல்லாம் டிவி நாடகக் கதை, மூட்டுவலி மருந்து, சுட்ட கருவாடு. எதையும் நான் படிப்பதில்லை. தங்கச்சி போடுவதை மட்டும் படிப்பேன். அவள் பெரும்பாலும் காலை வணக்கம் எழுதிய ரோஜாப்பூப் படம்தான் போடுவாள். அதையும் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி அவள் எழுதியிருந்தாள். ஒரு பெண்ணின் பெயர். "பாவம்யா அவ. வயித்துல கத்திக்குத்து. நெனவே இல்ல. ரெண்டு சின்னப் புள்ளைங்க வேற. எல்லாரும் வேண்டிக்குங்க." கீழே என் பெரியம்மா மக்கள் கூப்பிய கைகளும் அழும் முகங்களுமாக வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

அவளுடைய தோழியாக இருக்கும், பக்கத்து பிளாட்டாக இருக்கும் என்று எண்ணினேன். யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான்தான் முதலில் பேசியதாக ஆகும். பேசாமலேயே அவளுக்கு ஒரு நல்லது செய்ய வழி கிடைத்ததே என்று நீல நோட்டை எடுத்தேன். பெயரைப் பட்டியலின் உச்சியில் எழுதினேன். 'என்ன நோய்' என்ற கட்டத்தில் கத்திக்குத்து. 'யார் சொன்னார்கள்' என்ற கட்டத்தில் தங்கச்சி. மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த நோட்டில் அந்தச் சொல்லை எழுதியபோது கையெழுத்துகூடக் கொஞ்சம் அழகாக வந்தது.

அந்த ஞாயிறு படித்தேன். "கத்திக்குத்துப் பட்டு, நினைவின்றிக் கிடக்கும், இரண்டு சிறு குழந்தைகளின் தாய்." பெயரை நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன். அதை இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. ஏழு வாரம் ஒலிபெருக்கியில் படித்தாயிற்று, போதும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கேட்டுக் கேட்டுச் சலித்த கோயில் நிமிர்ந்து உட்கார்ந்தது. "மன்றாட்டைக் கேட்டருளும்" என்று அன்றைக்கு வந்த சத்தம் பெரிய வெள்ளிக்கிழமையில்கூட வந்ததில்லை.

பூசை முடிந்ததும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். செபக்குழு அக்காமார் எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, பழம் கொண்டு போகலாமா என்றார்கள். ஓய்வு பெற்ற போலீஸ் சார்ஜன் ஒருவர் எங்கள் கோயிலில் உண்டு. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "ரிப்போர்ட் பண்ணியாச்சா?" என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பாடகர் குழுவின் இளம் பெண்கள் மட்டும் ஓரமாக நின்று ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். பக்தி போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரமும் படித்தேன். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் விஷயம் தெரிந்தது.

எங்கள் தெருமுனையில், சோற்றில் விதவிதமாகக் குழம்பு ஊற்றித் தரும் ஒரு நாசி கண்டார் கடை. சமைக்கச் சோம்பலாக இருக்கும் நாட்களில் அங்கேதான் கட்டிக்கொண்டு வருவேன். அன்றைக்கு மாலை ஏழு மணி. கடைக்கார பாய் என் சோற்றின்மேல் கோழிக்குழம்பை ஊற்றினார். பிறகு மீன்குழம்பை ஊற்றினார். மறுபடி கோழிக்குழம்பை ஊற்றினார். சோறு மூழ்கிவிட்டது. அவர் கண் கையில் இல்லை, சுவரில் மாட்டியிருந்த டிவியில் இருந்தது.

"பாய், போதும்."

"இருங்கக்கா. இப்பப் பேச முடியாது."

நானும் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கல்மேடை. அதில் இரும்புக் கவசம் போட்ட பெண் ஒருத்தி படுத்திருந்தாள். வயிற்றில் ஒரு வாள் நட்டுக்கொண்டு நின்றது. தலைமாட்டில் இரண்டு குழந்தைகள், கால்மாட்டில் ஒரு வெள்ளைக் குதிரை. எந்த நாட்டில் எடுத்த தொடரோ, தமிழில் பேசினார்கள். வாய் ஒன்று சொன்னது, சத்தம் வேறொன்று சொன்னது. ஒரு கிழ மந்திரவாதி கையை உயர்த்தி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

நான் ஏழு நாளைக்கு ஒருமுறை கூப்பிடும் அதே பெயர்.

"ரெண்டு வாரமா இப்படியே கெடக்குறா" என்றார் பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாட்டக் காப்பாத்துனவக்கா இவ. ஒத்த ஆளா நின்னு நூறு பேர வெட்டுனவ. உங்க கோயில்லகூட இவளுக்கு வேண்டிக்கிறாங்களாமே, ஆளு சொன்னாங்க. நல்ல காரியம் லா. நானும் துஆ கேட்டேன்."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. குழம்பு பை முழுக்க ஒழுகியிருந்தது. மேசையில் நீல நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கைப்பேசியில் நான் படிக்காமல் தள்ளிய செய்திகளை இரண்டு மாதத்துக்குப் பின்னால் போய்ப் படித்தேன். குதிரையின் வயது வரைக்கும் பேசியிருந்தார்கள். பாடகர் குழுப் பெண்கள் ஏன் கிள்ளிக்கொண்டார்கள் என்பதும் புரிந்தது. முதல் வாரமே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் வந்து சொல்ல ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று அன்றைக்கு எனக்கே கொஞ்சம் விளங்கியது.

பெயரை எடுத்துவிட வேண்டும். எப்படி எடுப்பது? இரண்டே வாசல் என்று விதி போட்டவள் நான். குணமாக வேண்டும், அல்லது சாக வேண்டும். சாகடித்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். மறுநிமிடமே முப்பதாம் நாள் பூசை, கல்லறைக்குப் பூ, எந்தக் கல்லறை என்ற கேள்வி எல்லாம் வரிசையாக வந்தன. ஒலிபெருக்கி முன் நின்று, "மன்னியுங்கள், இவர் டிவி நாடகத்தில் வருகிறவர், தவறு என்னுடையது" என்று சொல்வதுதான் நேர்மை. அது தெரியாமல் இல்லை. சொன்ன பத்தாவது நிமிடம் ஆயர் ஈத்தாமுக்குச் செய்தி போய்விடும். அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தங்கச்சியைத் திருத்தியவள் ஒரு நாடகக்காரிக்குக் கோயிலையே மண்டியிட வைத்திருக்கிறாள் என்று அவள் தெரிந்துகொள்வாள். அதற்குப் பிறகு அவள் எதற்கு என்னோடு பேச வேண்டும்?

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். பொய் சொல்வதில்லை. நாடகத்தில் என்ன நடக்கிறதோ அதை அப்படியே வந்து சொல்வேன். அவள் பிழைத்தால் பிழைத்தாள், செத்தால் செத்தாள். அதுவரை பட்டியலில் இருக்கட்டும். இப்போது எழுதும்போது இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அன்றைக்கு இது மட்டுமே ஒழுங்கான வழியாகத் தெரிந்தது.

வீட்டு டிவி இணைப்பை அம்மா போனதும் வெட்டிவிட்டிருந்தேன். ஆகவே திங்கள் முதல் வியாழன் வரை தினமும் ஏழு மணிக்குப் பாய் கடை. ஒரு தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய டீ, வாங்கிக்கொண்டு, நீல நோட்டைத் திறந்து வைத்துக் குறிப்பு எடுப்பேன். பாய் முதலில் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு டிவிக்கு நேர் எதிர் மேசையை எனக்கென்று ஒதுக்கினார்.

நான் உண்மை தவிர வேறெதுவும் சொல்லவில்லை. அதுதான் இதில் பெரிய வேடிக்கை. சார்ஜன், "யார் குத்துனதுன்னு தெரிஞ்சிச்சா?" என்று கேட்டார்.

"கொழுந்தன்" என்றேன். உண்மை. அரியணைக்காகக் குத்தியிருந்தான்.

"எப்பவும் கொழுந்தன்தான்" என்றார் அவர், முப்பது வருட அனுபவத்தோடு. "எதுக்கு, எடத்துக்கா?"

"எடத்துக்குத்தான்."

"ஆளப் புடிச்சாச்சா?"

"இல்ல. மலைக்கு ஓடிட்டான்."

"நம்ம கொடிமலைக்கா?"

"வேற மலை."

அவர் தலையாட்டிவிட்டு, தனக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லி வைப்பதாகச் சொன்னார். செபக்குழு அக்காமாரிடம், பிள்ளைகளைக் காட்டுக்குள் ஒரு கிழவியிடம் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றேன். அவர்களும் ரப்பர் தோட்டத்துப் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பது நல்லதுதான் என்றார்கள். நான்காம் வாரம், மந்திரவாதி அவளுடைய உயிரை எடுத்து ஒரு ஜாடியில் போட்டு, ஏழு கடலுக்குக் கீழே ஒரு மீனின் காவலில் வைத்துவிட்டான். அதைப் பூசைக்குப் பிறகு எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன். "உயிர் அவங்ககிட்ட இல்லக்கா. தனியா ஒரு எடத்துல வெச்சிருக்காங்க" என்றேன்.

"மெஷின்லயா?" என்றார் ஒரு அக்கா, கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு.

"அந்த மாதிரி" என்றேன். இந்த ஏழு வாரத்தில் நான் சொன்ன ஒரே பொய் அது.

ஃபாதர்தான் என்னை நெருக்கினார். நோயாளிகளுக்குப் பூசும் எண்ணெயைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். "எங்கன்னு மட்டும் சொல்லுங்க, நான் போயிட்டு வர்றேன்."

"ரொம்பத் தூரம் ஃபாதர்."

"பத்து காவான் பக்கமா? பாலத்துல போனா எவ்ளோ நேரம்?"

"அதுக்கும் அந்தப் பக்கம் ஃபாதர்."

அவர் எண்ணெய்ச் சிமிழைத் தடவிக்கொண்டே போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குறிப்பு எடுக்கப் போனவள் குறிப்பு எடுக்க மறந்தேன். அந்தப் பெண் படுத்தபடியே ஒரு விரலை அசைத்த அன்றைக்குத் தே தாரிக் ஆறிப்போனது. கனவில் அவள் தன் பழைய சண்டைகளை நினைத்துப் பார்ப்பதுபோல் காட்டினார்கள். ஒற்றைக் கையால் கோட்டைக் கதவைத் தள்ளினாள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டே வாள் வீசினாள். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரையும் திருத்தவும் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கடை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "எந்திரி, எந்திரி" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவள் பெயரைப் படிக்கும்போது நான் நடிக்கவில்லை. மனசார வேண்டினேன்.

ஐந்தாம் வாரம் செபக்குழு வீடு வீடாகச் செபமாலை சொல்லத் தொடங்கியது, எல்லாம் அவளுக்காக. முறைவைத்துப் போனதில் ஒரு புதன்கிழமை ஆயர் ஈத்தாம் பிளாட்டுக்கு வந்தது. அன்றைய அத்தியாயம் முக்கியமானது என்பதால் நான் போகவில்லை. ஞாயிறு காலை அக்கா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க தங்கச்சி வந்திருந்தாங்க தெரியுமா? பக்கத்து வீட்லதான செபமாலை. யாருக்காகன்னு கேட்டாங்க. பேரச் சொன்னோம். நீங்கதான் பட்டியல்ல போட்டீங்க, வாராவாரம் நெலம சொல்றீங்கன்னு எல்லாத்தையும் சொன்னோம். அவ்ளோதான். முந்தானைய எடுத்து மொகத்த மூடிக்கிட்டு அப்படியே குலுங்கிக் குலுங்கி அழுதாங்க. பத்து நிமிஷம் நிக்கவே இல்ல. எங்களுக்கே தாங்கல. எவ்ளோ எளகுன மனசு."

என் தங்கச்சி அழுதால் மூக்கை உறிஞ்சுவாள், சத்தம் கேட்கும். முகத்தை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினால் அது அழுகை இல்லை. சின்ன வயதில் வீட்டில் செபமாலை சொல்லும்போது அவளும் நானும் அப்படித்தான் குலுங்குவோம். அம்மா பிரம்பை எடுக்கும் வரை நிற்காது.

ஆக, அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும். ஃபாதருக்கு ஒரு போன், குழுவில் ஒரு வரி. அந்த வாரம் முழுக்கக் கைப்பேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். காலை வணக்கம் எழுதிய ரோஜாப்பூதான் வந்தது. மறுநாளும் ரோஜாப்பூ. எதற்காகக் காத்திருக்கிறாள் என்று புரியாமல் எனக்குப் பசியே போய்விட்டது.

ஏழாம் வாரம் வியாழக்கிழமை தொடர் முடிந்தது. கடையில் நிற்க இடமில்லை. ரொட்டி போடுகிறவர் மாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளைக் குதிரை கடலில் இறங்கியது, ஜாடி உடைந்தது, கல்மேடையில் அவள் கண்ணைத் திறந்தாள். தன் வயிற்றில் இருந்த வாளைத் தானே உருவி எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். கடையே கத்தியது. பாய் என்னைப் பார்த்து, "உங்க கோயில் வேண்டுதல்தான் லா அக்கா" என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. அவள் முதல் வாசல் வழியாக வெளியே வந்துவிட்டாள். மெழுகுவத்தி ஏந்திவரக் குடும்பம் வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்வது என்ற முடிவின்படி, அவள் எழுந்துவிட்டதை வெள்ளிக்கிழமையே ஃபாதரிடம் சொல்லியும்விட்டேன்.

வேறு வழியில்லை என்று சனிக்கிழமை ஒரு தாளில் உண்மையை எழுதினேன். ஏழு வரி. இரண்டு இடத்தில் நடை சரியில்லை என்று திருத்திவிட்டு மறுபடி நன்றாக எழுதினேன். அப்படியும் புத்தி போகவில்லை.

ஞாயிறு கோயில் நிரம்பி வழிந்தது. சார்ஜன் பழைய பதக்கத்தைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். பாடகர் குழுப் பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூசைத் தொடக்கத்தில் ஃபாதர் முகமெல்லாம் மலர்ந்து, "நம்ம எல்லாரும் வேண்டிக்கிட்ட சகோதரி எந்திரிச்சிட்டாங்க. குடும்பத்தார் மெழுகுவத்தியோட முன்னால வாங்க" என்றார்.

யாரும் வரவில்லை. தலைகள் பின்னால் திரும்பின. மின்விசிறிகள் சுற்றும் சத்தம் கேட்டது. நான் வாசக மேடையில் நின்றிருந்தேன். தாளைப் பிரித்தேன். "ஃபாதர், இதில் ஒரு தவறு..." என்று தொடங்கினேன்.

கடைசி வரிசையில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. என் தங்கச்சி எழுந்து நின்றாள். கையில் மெழுகுவத்தி. அம்மாவின் பச்சைப் புடவை. நடுப்பாதையில் நிதானமாக நடந்து வந்தாள். மூன்று வருடத்தில் கொஞ்சம் இளைத்திருந்தாள். நான் தாளைக் கசக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஃபாதர் குனிந்து, ஒலிபெருக்கியில் கேட்கும்படியே, "நீங்க சொந்தமாம்மா?" என்று கேட்டார்.

"தெனமும் பாக்குறேன் ஃபாதர்" என்றாள் அவள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. "அக்காவும்தான் பாக்குது. ஒருநாள் தவறாம ஏழு மணிக்கு."

"கேட்டீங்களா?" என்றார் ஃபாதர் சபையைப் பார்த்து. "அக்காவும் தங்கச்சியும் தெனமும் ஏழு மணிக்குப் போய்ப் பாத்திருக்காங்க. இதுதான் அன்பு."

கோயிலே கைதட்டியது. சார்ஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாடகர் குழுப் பெண்கள் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

விதிப்படி முதல் வாசகம் குடும்பத்தார் படிக்க வேண்டும். தங்கச்சி மேடைக்கு ஏறி வந்தாள். நான் விலகி, புத்தகத்தைத் திறந்து கொடுத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே இடம். அவள் படித்தாள். நல்ல குரல் அவளுக்கு, எப்போதுமே நல்ல குரல். நானும் மனசுக்குள் கூடவே படித்துக்கொண்டு போனேன். அந்த வாசகம் எனக்கு மனப்பாடம்.

நடுவில் ஒரு பத்தியை விட்டுவிட்டாள்.

இந்தமுறை கண்ணில் நீர் இல்லை. பத்தி முடிந்த இடத்தில் நிறுத்தினாள். தலையை உயர்த்தி என்னை நேராகப் பார்த்தாள். பிறகு ஒரு பத்தி தாண்டிப் படிக்கத் தொடங்கினாள். வேண்டுமென்றேதான் செய்தாள். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தேன். அதில் ஒரு இறக்கை அழுக்காக இருந்தது. வேறு எதையும் நினைக்காமல் அந்த அழுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கடைசி வரிக்கு வரும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

"இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்று முடித்தாள். புத்தகத்தை மூடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முந்தானை நுனி மெல்ல வாய்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"இறைவா, உமக்கு நன்றி" என்றேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.